கால் எடுத்த இடம்

கோபம் வந்தால் நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். கையில் வைத்திருந்தால் அது எங்கே போய் விழும் என்று எனக்கே தெரியாது. அந்த மூன்று மாதமும் ரஹாங்கில் என் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் என் கையில் இருந்ததைவிடத் தரையில் கிடந்ததுதான் அதிகம். காரணம் ஒரு பழைய டட்சன் கார், அதை ஓட்டிய என் நண்பன் முகுந்தன், அவனை வரிசையாக மூன்று தடவை தோற்கடித்த சித்திக்.

பந்தயம் என்றால் உலகப் பந்தயம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுவா ஊருக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும் தொழிற்பேட்டையில் நடு ரோட்டை இரண்டு முனையிலும் அடைத்துவிடுவார்கள். போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ் எல்லாம் முறையாக உண்டு. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் இருநூற்று ஒரு மீட்டர் நேராக ஓடவேண்டும். முந்துகிறவன் அடுத்த சுற்றுக்குப் போவான், பிந்துகிறவன் வீட்டுக்குப் போவான். எட்டு செகண்டில் முடிந்துவிடும் சமாசாரம். அந்த எட்டு செகண்டுக்காக நான் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்தத் தொழிற்பேட்டை இருக்கும் இடம் முன்பு பெர்ன்லி ரப்பர்த் தோட்டம். நாங்கள் மூன்று பேருமே அங்கே பிறந்தவர்கள். வசந்தன் என்ற நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். முகுந்தன் பால் லோரி டிரைவர். காட்டில் வெட்டிய ரப்பர்ப் பாலைக் கொட்டகையிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோவான். சித்திக், தோட்டத்து மளிகைக்கடை பக்கீர் முகம்மதுவின் மகன். அப்பா கடை வேனில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் திரிவான். இப்போது கார் ஓடும் ரோடு அன்றைக்குச் செம்மண் ரோடு. அதன்மேல் தார் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பதினாறு வருஷத்துக்கு முன் தோட்டத்தை மூடினார்கள். நான் ரஹாங்குக்கு வந்து ஒர்க்‌ஷாப் போட்டேன். சித்திக் லுக்குட்டில் சாப்பாட்டுக்கடை வைத்து நன்றாக வந்துவிட்டான். முகுந்தன்தான் பாவம். ஒரு கம்பெனியில் பெரிய லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். வயதாகிவிட்டது என்று லோரியைப் பிடுங்கிக்கொண்டு, கேட்டில் கார்டு வேலை கொடுத்தார்கள். அடுத்தவன் லோரிக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவதுதான் இப்போது அவன் வேலை. சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். நான்கு சக்கரத்தில் அவன் கை படுவது என் டட்சனில் மட்டும்தான்.

அதனால்தான் டட்சனை அவனிடம் கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். அவனைப்போல ஓட்ட ஆள் கிடையாது என்பதால் கொடுத்தேன். தோட்டத்தில் ஒரு காலத்தில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல் அவனுடைய காலி லோரியும் சித்திக்கின் காலி வேனும் பந்தயம் ஓடும். பால் கொட்டகையில் புறப்பட்டு பங்களா முச்சந்திவரைக்கும். நான் லோரியில் இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். செம்புழுதியில் கண் தெரியாது, பல்லெல்லாம் மண். லயத்துப் பெண்கள் காயப்போட்ட துணியை வாரிக்கொண்டு எங்களை வண்டை வண்டையாகத் திட்டுவார்கள். ஆபீஸ் கிராணி இரண்டு தடவை மேனேஜர் துரையிடம் எங்கள்மேல் எழுதிக்கொடுத்தார். அந்தப் புழுதி வாசம் இப்போதும் சில நேரம் மூக்கில் வரும். வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் தடவை சித்திக்கிடம் தோற்றபோது குறை எடையில் என்றேன். பின் சீட்டு, பக்கத்துச் சீட்டு, ரேடியோ, ஹார்ன், கதவின் உள்தகரம் என்று எல்லாவற்றையும் கழற்றினேன். கண்ணாடியை எடுத்துவிட்டு லேசான பிளாஸ்டிக் போட்டேன். முகுந்தனையும் விடவில்லை. காலையில் இரண்டு ரொட்டி சானாய் தின்கிறவனை ஒன்றாகக் குறைக்கச் சொன்னேன். அவனும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குறைத்தான். அடுத்த மாதம் மறுபடி தோற்றோம், அரைக் கார் தூரத்தில்.

இரண்டாவது தடவை குறை பிடிப்பில் என்றேன். கிளம்பும்போது பின்சக்கரம் வெறுமனே சுற்றினால் அத்தனை பலமும் புகையாகப் போய்விடும். மிருதுவான ரப்பர் டயர் வாங்கினேன், அதில் காற்றைப் பாதியாகக் குறைத்தேன், பாட்டரியைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தேன். கிளம்பும் வேகம் பிரமாதமாக இருந்தது. சனிக்கிழமைப் பயிற்சியில் முதல் நூறு மீட்டரில் முகுந்தன் முன்னால் இருந்தான். கோட்டில் சித்திக் முன்னால் இருந்தான். அன்றைக்கு ராத்திரியே பின்பக்கப் பல்சக்கரத்தையும் மாற்றினேன். மறுநாள் மூன்றாவது பந்தயத்திலும் அதே கதை. நூறு மீட்டரில் நாங்கள், கோட்டில் அவன்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும், வண்டி குதிரை மாதிரி நிற்கிறது, ஓட்டுகிறவனுக்குத்தான் பயம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். முகுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே வேர்வையைத் துடைத்து, சீட்டில் வைத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போனான். அன்றைக்கு அவன் திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு ரோட்டைத் திறந்துவிட்டார்கள். நான் ஒரு காரியம் செய்தேன். என் மகள் ரதியை டட்சனில் உட்காரவைத்தேன். அவள் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற இன்ஜினியர். கார் ஓட்டப் பிடிக்கும், ஆனால் முகுந்தன் கையில் பாதிகூட வராது. அவள் தாமதமாகத்தான் கிளம்பினாள், முதல் கியர் மாற்றும்போது வண்டி இருமியது. அப்படியிருந்தும் நேரம் ஏழு புள்ளி தொண்ணூற்றைந்து வந்தது. அதே காலையில் அதே காரில் முகுந்தன் எட்டு புள்ளி பத்து.

நேரம் எழுதிய சீட்டு இரண்டையும் முகுந்தன் வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப்பையில் வைத்தான்.

"நாளைக்கு ரதியே ஓட்டட்டும்டா. வண்டி நல்லாதான் இருக்கு. எனக்குத்தான் ஆயிருச்சு போல."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். நாற்பது வருஷப் பழக்கம். ஆனால் ஜெயிக்கவேண்டும் என்ற வெறி ஒரு பக்கம், அவன் வாயாலேயே வந்துவிட்டதே என்ற நிம்மதி இன்னொரு பக்கம். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சரி பார்ப்போம் என்று முனகினேன். அவன் டட்சன் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ரதிக்குத்தான் பொறுக்கவில்லை. மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு சண்டை பிடித்தாள். மாமா கிளம்புகிற அழகு என்ன, கியர் மாற்றுகிற அழகு என்ன, அவர் எப்படி என்னைவிட மெதுவாக ஓட முடியும், இதில் ஏதோ இருக்கிறது என்றாள். டட்சன் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்தையும் அது பதிந்துகொள்ளும். நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகக் காதால் இன்ஜின் பார்க்கிறவன், ஒரு பெட்டியிடம் போய் என்ன கேட்பது என்ற திமிர்தான். ரதி தன் லேப்டாப்பை அதில் மாட்டினாள்.

திரையில் ஒரு கோடு. டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறான் என்று காட்டும் கோடு அது. உச்சியிலேயே ஓடும்; கியர் மாற்றும் இடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கி ஏறும். ரதியின் ஓட்டத்தில் இரண்டு கியர் மாற்றம், இரண்டு பள்ளம். முகுந்தனின் ஓட்டத்தில் மூன்று பள்ளம். மூன்றாவது, கியரே மாற்றாத இடத்தில். கிளம்பிய இடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டரில் அவன் காலை எடுத்திருக்கிறான். அரை செகண்டுகூட இல்லை. எடுத்து, மறுபடி அழுத்தியிருக்கிறான்.

ரதி பழைய ஓட்டங்களையெல்லாம் திறந்தாள். மூன்று மாதமும், பயிற்சியும் பந்தயமுமாகப் பத்தொன்பது ஓட்டம். பத்தொன்பதிலும் மூன்றாவது பள்ளம், அதே நூற்றைம்பதில்.

"பயந்தா ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலயா பயப்படுவாங்க? அங்க என்னப்பா இருக்கு?" என்றாள் ரதி.

அங்கே ஒன்றும் இல்லை என்றேன். அவள் விடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு வெயில் தாழுவதற்குள் சுவாவுக்கு வந்தாள். புறப்படும் கோட்டிலிருந்து அளந்துகொண்டே நடந்தோம். நூற்றைம்பதில் ஒரு விளக்குக் கம்பம். இடது பக்கம் ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையின் வேலி. ரோட்டில் மேடில்லை, பள்ளமில்லை, ஒரு கல்கூட இல்லை. நான் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்குப் பின்னால் குன்று, குன்றின் மேல் பழைய தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி அந்த அளவில், அந்தக் கோணத்தில் தெரிகிற இடம் இந்த ரோட்டில் ஒன்றே ஒன்றுதான்.  ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் எங்கள் முனியாண்டி சாமி இருந்தார். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அடியில் ஒரு கல், நட்டுவைத்த அரிவாள், எப்போதும் ஒரு சுருட்டு. தோட்டத்தில் எந்த வண்டியாக இருந்தாலும் அவரைத் தாண்டும்போது காலை எடுக்கவேண்டும், ஒரு தடவை ஹார்ன் அடிக்கவேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து டிரைவரிலிருந்து அப்படித்தான். அந்த லோரிப் பந்தயத்தில்கூட, எவ்வளவு வெறியில் இருந்தாலும், அந்த இடத்தில் இரண்டு பேரும் காலை எடுப்பார்கள், ஹார்ன் அடிப்பார்கள், பிறகுதான் மறுபடி மிதிப்பார்கள். ஒரு தடவைகூட ஒருத்தரும் அதில் ஏமாற்றியது இல்லை. தோட்டம் மூடியபோது, வேலையாட்களை மேய்த்த மண்டோர் முருகையா அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்து வந்தார். இப்போது சாமி சுவா பிளாட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார்.

முகுந்தன் பதினெட்டு வருஷம் இந்த ரோட்டில் லோரி ஓட்டினான். நாளைக்கு ஆறு நடை. அவன் எத்தனை தடவை இங்கே காலை எடுத்திருப்பான் என்று ரதியே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மரம் போயிற்று, மண் போயிற்று, தார் வந்தது, கம்பம் வந்தது. அவன் காலுக்கு யாரும் சொல்லவில்லை. அவனைப் போய்ப் பயந்தவன் என்று சொன்னேனே என்று எனக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் என்ன மறைப்பு, அழுதேன்.

மறுநாள் காலையில் முகுந்தன் சாதாரணச் சட்டையும் ஜப்பான் சிலிப்பருமாக வந்தான், ரதி ஓட்டுவதை வேடிக்கை பார்க்க. நான் அவனைத் தோளில் கைபோட்டு அந்தக் கம்பத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். தொட்டியைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன், பத்தொன்பது ஓட்டத்தையும் சொன்னேன். அவன் நிமிர்ந்து குன்றைப் பார்த்தான். பிறகு சிலிப்பரைக் கழற்றினான்.

"வேணும்னு எடுக்கல வசந்தா."

"தெரியும்டா."

"கட்டவெரலுகூட ஸ்டியரிங் நடுவுல போவுது. ஹார்ன நீ கழட்டிட்டேன்னு அப்புறந்தான் நெனப்பு வரும். ஏன் போவுதுன்னு நான் யோசிச்சதே இல்ல."

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் அடிக்கடி செய்கிற காரியம் இல்லை அது. அவன் அதைக் காதில் வாங்கினானா என்றே தெரியவில்லை. இந்த இடத்தில் காலை அழுத்திக்கொண்டு போகவேண்டுமா, அதுதான் உனக்கு வேண்டுமா என்று கேட்டான். சாமி இங்கே இல்லை, பிளாட்டுக்குப் பின்னால் இருக்கிறார், அங்கே போய் ஆயிரம் ஹார்ன் அடி, இங்கே இருப்பது கையுறைதான் என்றேன். அவன் சிரித்தான். ஆனால் சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திரும்பி நடந்தான். ரதி ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

பழைய கார் வகுப்பில் எட்டுக் கார்கள், மூன்று சுற்று. முதல் சுற்றில் ஜெயித்தான். ஆனால் ரதி லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தெரிந்தும் எடுத்திருக்கிறான். இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தான்; அப்போதும் காலை எடுத்தான், பாதி மட்டும். அந்த இடம் வந்தால் கால் தானாகக் கனம் குறைந்துவிடுகிறது, நான் என்ன செய்ய என்றான். இப்படியே ஓடினால் கடைசிச் சுற்றில் சித்திக்கிடம் தோல்வி நிச்சயம். தோற்றால் அவன் மறுபடி இந்தச் சீட்டில் உட்காரமாட்டான், நான் கெஞ்சினாலும் உட்காரமாட்டான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

கடைசிச் சுற்றுக்கு நான் புறப்படும் கோட்டில் நிற்கவில்லை. எப்போதும் அங்கேதான் நிற்பேன். அன்றைக்கு நூற்றைம்பதில், தடுப்புக்கு வெளியே, கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான் அங்கே நிற்பதை அவன் பார்க்கவேண்டும் என்று ஒரு நினைப்பு. தூரத்தில் டட்சனும் சித்திக்கின் வெள்ளைக் கொரோலாவும் நிற்பது தெரிந்தது. பச்சை விழுந்தது. இரண்டு சத்தமும் சேர்ந்து வந்தது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. டட்சன் கொஞ்சம் முன்னால். நான் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

டட்சன் சத்தம் உடையவில்லை. ஒரே சுரத்தில் என்னைத் தாண்டிப் போனது. உடைந்தது மற்றச் சத்தம். என் கண் முன்னால் கொரோலாவின் மூக்கு ஓர் அங்குலம் குனிந்து நிமிர்ந்தது. ஓட்டத்தின் நடுவில் கார் மூக்கு குனிந்தால் ஒரே அர்த்தம்தான். சித்திக் காலை எடுத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் இரண்டு பேருமே எடுத்திருக்கிறார்கள். சித்திக் பள்ளிவாசலுக்குப் போகிறவன்தான். ஆனால் அவன் அப்பா பக்கீர் முகம்மதுவின் வேன்கூட அந்த இடத்தில் ஹார்ன் அடிக்காமல் போனதில்லை. பெரிய மனுசன் வாசலில் தடதடவென்று போவது மரியாதையா என்பார் அவர். அந்த வேனில்தான் சித்திக் ஓட்டவே கற்றுக்கொண்டான்.

முக்கால் கார் தூரத்தில் முகுந்தன் ஜெயித்தான். ஏழு புள்ளி எண்பத்தாறு. ரதி குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் கார் நிறுத்துகிற முனைக்கு ஓடினேன், ஐம்பத்தைந்து வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. டட்சன் ஓரமாக நின்றது. முகுந்தன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் ஈரம்.

"தோட்டம் மூடிப் பதினாறு வருசம் ஆச்சில்ல? இன்னிக்குத்தான்டா நான் வெளிய வந்தேன்," என்றான்.

 கதவைத் திறந்து கையை விட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்த நாளில் ஒரு மனிதன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் சித்திக் வந்துவிட்டான். தோற்ற முகமே இல்லை. முகுந்தனை வெளியே இழுத்துக் கட்டிப்பிடித்து, முதுகில் நாலு அடி கொடுத்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, வசந்தா, கடைசியில் எனக்கு வண்டி கொஞ்சம் அமுங்குகிற மாதிரியே இருக்கு, எப்பவும் அந்தக் கையுறைக் கம்பெனி பக்கத்திலதான், என்ன கோளாறு என்று நினைக்கிறே, நீ நம்ம ஆளு, மறைக்காம சொல்லு லா என்றான்.

குறை தெரிந்தால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். முகுந்தன் என் மணிக்கட்டைப் பிடித்தான். லோரி பிடித்த கை, வலித்தது.

"பெட்ரோல் பம்பா இருக்கும் சித்திக். மாத்திப் பாரு," என்றான்.

சித்திக் அப்படித்தான் தானும் நினைத்ததாகச் சொல்லித் தலையாட்டிவிட்டு, மத்தியானம் எல்லோரும் கடைக்குச் சாப்பிட வரவேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டுப் போனான். அவன் போனதும் நான் முகுந்தனைப் பிடித்துக்கொண்டேன். எதற்காகப் பொய் சொன்னாய், அடுத்த வருஷம் அவன் ஜெயித்துவிடுவான் என்றா என்று கேட்டேன்.

"ஜெயிக்கட்டும்டா, அதுக்கில்ல," என்றான் அவன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் இனிமே எடுக்கமாட்டேன். எடுக்கணும்னு நெனச்சாலும் வேணும்னு எடுத்த மாதிரிதான் இருக்கும். அவனாச்சும் எடுக்கட்டும். அவன்கிட்ட சொல்லிடாத."

அடுத்த வாரம் சித்திக் கொரோலாவை என் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்தான். நான் பழைய பம்பைக் கழற்றிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. புதியதை மாட்டிக் கொடுத்து, இனிமேல் சரியாகிவிடும் என்றேன்.